இஸாகி மூட்டோவின் மனைவிக்கு

என் பேச்சிக்கு, முசஃபாவிலிருந்து உன் வீட்டுக்காரன் ஆசையோடு எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. கல்யாணமான நாலாம் மாதம் விமானம் ஏறி, ஏழு வருஷம் தொழிலாளர் கேம்ப்பில் கிடந்த காலத்தில், போன் கார்டு தீர்ந்துபோன வாரங்களில் உனக்கு எழுதிய கடிதங்களெல்லாம் அப்படித்தான் தொடங்கின. இப்போது உன் நலத்தை நான் யாரிடம் விசாரிப்பது? என் நலத்தை மட்டும் சொல்கிறேன். பல் வலிக்கிறது.

சிரிக்காதே. நீ இருந்தவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் வாயைத் திறக்க வைப்பாய். நீ போன பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்று காலை தாங்க முடியாமல் நம் தெருமுனை பல் கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் அதே பிலிப்பைன்ஸ் பெண். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, நீ சொல்லிக்கொடுத்த அதே இழுவையோடு, அதே ஏற்ற இறக்கத்தோடு கூப்பிட்டாள்.

"மிஸ்டர் இஸாகி மூட்டோ!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு ஜப்பான்காரரை எதிர்பார்த்துத் தலையைத் தூக்கினார்கள். ஒர்க்‌ஷாப் சட்டையோடு நான் எழுந்து நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் முகத்தையும் என் நகக்கண்ணில் இருந்த கிரீஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

முன்பெல்லாம் இப்படிக் கூப்பிட்டால் எனக்குக் காது சூடாகிவிடும். கூப்பிட்டது யாரையோ என்பதுபோல் செல்போனைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது முறை கூப்பிடும்வரை அசையமாட்டேன். நீ பக்கத்தில் இருந்து விலாவில் இடிப்பாய். இன்று முதல் கூப்பிடலிலேயே எழுந்துவிட்டேன். அது ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உனக்கு நினைவஞ்சலியாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நீ நாலு வரியில் அடங்குகிற ஆளா? அதனால் கடிதமாகவே எழுதிக் கொடுக்கப்போகிறேன். போட்டால் போடட்டும். நாலு பேர் நம்மைப் பற்றிப் பேச வேண்டும் என்று உனக்கு எப்போதும் ஒரு ஆசை உண்டே.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். என் பெயர் இசக்கிமுத்து. கோவில்பட்டிப் பக்கம் தெருவுக்கு ரெண்டு இசக்கிமுத்து உண்டு. இங்கே வளைகுடாவில், முசஃபா என்கிற தொழிற்பேட்டையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். ஒர்க்‌ஷாப்பில் பாகிஸ்தான்காரர், மலையாளி, வங்காளதேசத்துக்காரர் எல்லோருக்கும் நான் முத்து பாய். "முத்து பாய், ஜல்தி", வேலை முடிந்தால் "முத்து பாய், கலாஸ்", அவ்வளவுதான். அந்தப் பெயரை இஸாகி மூட்டோ ஆக்கியது என் மனைவி பேச்சியம்மாள்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஃபோர்மேன் ஆகி, ஃபேமிலி விசா கிடைத்து, பக்கத்தில் ஷாபியாவில் ஒரு படுக்கையறை ஃப்ளாட் பிடித்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உன்னையும் அஞ்சு வயசு கோமதியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்து மூணு வாரம்கூட ஆகியிருக்காது. டூட்டியில் இருக்கும்போது ஹெல்த் சென்டரிலிருந்து போன். மிஸஸ் மூட்டோவுக்கு அப்பாயின்ட்மென்ட் உறுதியாகிவிட்டது என்று ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னாள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்து உன்னிடம் கேட்டேன்.

"ஏட்டி, யாரு அந்த மூட்டோ?"

"நீங்கதான்."

"எம்பேரு இசக்கிமுத்துட்டீ!"

"இங்கன அப்பிடிச் சொன்னா யாருக்கு வெளங்குது? இஸாகி மூட்டோ. கேக்க எப்பிடி இருக்கு! ஸ்டைலா இல்ல?"

நான் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்கூட. ஊரில் நீ என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால், "ஆலமரத்தடியில இருக்காளே அந்த அம்மன் பேரும், கடல்ல முங்கி எடுப்பாகளே அதுவும்" என்பாய். வெளியூர்க் கடைக்காரர் பேனாவைப் பிடித்தபடி முழிப்பார். வரிசையில் பின்னால் நிற்கிற யாராவது என் பெயரைச் சொல்லி உன்னை அனுப்பி வைப்பார்கள். அப்படிப்பட்டவள் இங்கே வந்து மூணாம் வாரம் புருஷன் பெயரைப் போனில் சொல்கிறாள், அதுவும் ஸ்டைலாக! ஊர் வழக்கத்தையெல்லாம் ஏர்போர்ட்டிலேயே இறக்கி வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் நான் செய்த தப்பு. அதை அப்புறம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. உன் பெயரையும் நீ விட்டுவைக்கவில்லை. பேச்சியம்மாள் பெஷியாமா ஆனாள். கோமதி கோமட்டீ ஆனாள். உன் அம்மா வெள்ளத்தாய் விசிட்டில் வந்தபோது லிஃப்டில் நின்ற ஒரு வெள்ளைக்காரியிடம், "மை மதர், வெலட்டாய்" என்றாய். அத்தை ஏதோ வியாதியின் பெயரைச் சொல்கிறாய் என்று பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேலை பார்க்கிற முசஃபாவைக்கூடத் தொண்டைக்குழியிலிருந்து இழுத்து நீ சொன்னால், கேட்பவர்களுக்கு ஏதோ அரண்மனை இருக்கிற ஊர் மாதிரி இருக்கும். கோவில்பட்டியைத்தான் எப்படி முறுக்குவது என்று உனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால் "நியர் மதுரை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாய்.

உனக்கு யார்மேல் ஆசை என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களே, இன்ஜினியர் வீட்டுப் பெண்கள், ஸ்கூல் டீச்சர்கள். அவர்கள் பேசும்போது நீ அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். வீட்டுக்கு வந்து சமையல் கட்டில் நின்றுகொண்டு அதே மாதிரி சொல்லிப் பார்ப்பாய். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க விடவில்லை என்று உன் அப்பாமேல் உனக்கு இருந்த கோபத்தை நான் அறிவேன். அதனால் இதையெல்லாம் கேலி செய்தாலும் தடுக்கவில்லை. கோமதியும் நானும் உனக்குத் தெரியாமல் "பெஷியாமா சாப்பிட்டாச்சா?" என்று பேசிக்கொள்வோம். உனக்குத் தெரிந்துதான் இருக்கும்.

விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, விமலா அம்மா வீட்டுப் பிறந்தநாள் வரைக்கும்.

அவர்கள் எதிர் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த புதிது. சென்னைக்காரர்கள். அவர் ஏதோ பெரிய கம்பெனியில் இன்ஜினியர். வந்த பத்து நாளிலேயே நீயும் விமலாவும் ஒட்டிக்கொண்டுவிட்டீர்கள். அவர்கள் பையனுக்குப் பிறந்தநாள், நான் டூட்டி முடிந்து நேராக அங்கேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அன்றைக்கு ஒரு வண்டி வேலை இழுத்துவிட்டது. சட்டை மாற்றக்கூட நேரம் இல்லை. பெல் அடித்தேன். விமலாவின் கணவர் கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏசி வேலைக்கா? இன்னிக்கு ஃபங்க்‌ஷன்ப்பா, நாளைக்கு வா" என்றார்.

அவர் பேரில் தப்பில்லை. பெஷியாமாவின் கணவர் மிஸ்டர் இஸாகி மூட்டோ வரப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்த மனுஷன். உள்ளேயிருந்து பட்டுச்சேலை சரசரக்க நீ ஓடி வந்தாய். "மை ஹஸ்பெண்ட், இஸாகி மூட்டோ" என்று என் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினாய். அப்புறம் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "நான் நிஜமாவே ஜப்பான்னு நெனச்சேன்ப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் கேக்கைத் தட்டோடு ஓரமாக வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். கோமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எம்பேரச் சொல்ல ஒனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா? எங்க அய்யா வச்ச பேருட்டீ அது. மெக்கானிக் பொண்டாட்டின்னு சொன்னா கௌரவம் கொறஞ்சிருமோ?"

சேலையை மடித்துக்கொண்டே இருந்தாய். நான் விடவில்லை. "சொல்லு, கேவலமாத்தான் இருக்கா?" என்று மறுபடி கேட்டேன்.

"ஆமா, அப்பிடியே வச்சுக்கோங்க. சோறு ஆறுது, வாங்க" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையை நான் அப்படியே வைத்துக்கொண்டேன், பேச்சி. அஞ்சு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் டூட்டி முடிந்து வந்து பெல் அடிக்கும்போதெல்லாம் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். "ஜப்பான்காரன் வந்திருக்கான், கதவத் தொற." மற்றவர்களுக்கு அது தமாஷாகத் தெரிந்திருக்கும். உனக்கு அதிலிருந்த முள் தெரிந்திருக்குமே. ஒருநாள்கூட நீ முகம் சுளிக்கவில்லை. கதவைத் திறந்து, பையை வாங்கிக்கொண்டு, டீ போடப் போய்விடுவாய். இவள் என்னைக் கண்டு கூசுகிறாள், நாலு பேர் முன்னால் என்னை மறைத்து வைக்க ஒரு பெயர் கண்டுபிடித்திருக்கிறாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு உன்னைத் திட்டினதும் இல்லை, அதை மறந்ததும் இல்லை.

அந்தப் பிறந்தநாளுக்கு ரெண்டு வருஷம் கழித்து எனக்கு அடிபட்டது. லிஃப்டில் ஏற்றிய வண்டியிலிருந்து கியர்பாக்ஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். தாங்கிப் பிடிக்கிற ஜாக்கியோடு அதைப் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். ரெண்டு நிமிஷ வேலை. அவசரத்தில் கட்டவில்லை, தப்பு என்மேல்தான். சரிந்து நெஞ்சிலும் தலையிலும் அடித்தது. ஆம்புலன்ஸ் வந்ததே எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் கன்னம் ரெண்டும் சிவந்து வீங்கியிருந்தது. அழுததால் என்று நினைத்தேன். "என்னட்டீ, ஒனக்கும் அடிபட்டுருச்சா?" என்று கேட்டேன். நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். விமலா அம்மா உன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்கள். அந்த ரெண்டு கன்னத்தையும் பற்றி நான் அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த வாரத்திலிருந்து நீ செவ்வாய்க்கிழமை சாப்பிடுவதை நிறுத்தினாய். பச்சைத் தண்ணீர்கூடப் பொழுது சாய்ந்த பிறகுதான். ஏன் என்று கேட்டதற்கு "டயட்" என்றாய். அதையும் எவ்வளவு அழகாகச் சொன்னாய்! கீழே பெஞ்சில் கற்றுக்கொண்டு வந்த புதுப் பழக்கம் என்று நானும் கோமதியும் சிரித்தோம்.

நீ போன காலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கோமதிக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தாய், மூடி போடாத டப்பா அப்படியே இருந்தது. இதயம் என்றார்கள். உன்னை ஊருக்குக் கூட்டிப்போகிற காகிதங்களுக்காக மேசை மேசையாக நின்றேன். இறந்தவர் பெயர் கேட்டார்கள், பேச்சியம்மாள் என்றேன். கணவர் பெயர் கேட்டார்கள், இசக்கிமுத்து என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொல்கிற வேலை எனக்கு வந்தது. அதுவரை எல்லாக் கவுண்டரிலும் நீதானே முன்னால் நிற்பாய்.

ஊரில் எல்லாக் காரியமும் முடித்துவிட்டு, கோமதிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்று திரும்பி வந்துவிட்டோம். அவள் பாஸ் பண்ணிவிட்டாள். நல்ல மார்க். மார்க் வந்ததும் சமையல் கட்டைப் பார்த்து "அம்மா" என்று கத்திவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விமலா அம்மா வந்தார்கள். அவர்கள் குடும்பம் ஒரேயடியாகச் சென்னைக்குப் போகிறது. சொல்லிக்கொள்ள வந்தவர்கள், எழுந்து கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். பேச்சி சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ஆனா இதைச் சொல்லாம நான் ஊருக்குப் போனா எனக்கு நிம்மதி இருக்காது."

"சொல்லுங்கம்மா."

"உங்களுக்கு அடிபட்ட அன்னிக்கு நான்தானே அவளைக் கார்ல கூட்டிட்டுப் போனேன். கவுண்டர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? விமலா அம்மா சொல்லச் சொல்லத்தான் நான் அந்த இடத்தையே பார்க்கிறேன். நீ கவுண்டரில் போய் நிற்கிறாய். பேஷன்ட் பெயர் என்ன என்று அந்த ஆள் கேட்கிறான். இஸாகி மூட்டோ என்கிறாய். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு "மாஃபி" என்கிறான். அப்படி யாரும் வரவில்லையாம். மறுபடியும் அதையே சொல்கிறாய். மறுபடியும் மாஃபி. என் கார்டு என்னோடு உள்ளே போய்விட்டது. எழுதித் தருகிறேன் என்று பேப்பர் வாங்குகிறாய், விரல் நடுங்கிப் பேனா நிற்கவில்லை. பின்னால் வரிசை நீளமாகிக்கொண்டே போகிறது. அந்த ஆள் உன்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறான்.

"நானாவது சொல்லலாம்னா எனக்கும் உங்களை இஸாகி மூட்டோன்னுதானே தெரியும்?" என்றார்கள் விமலா அம்மா. "அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா அண்ணா. மூடிக்கிட்டு ஒரே கத்து. 'இசக்கிமுத்து! சுடலையாண்டி மகன் இசக்கிமுத்து! இசக்கிமுத்து!' ஹாலே திரும்பிப் பார்த்துச்சு. அப்பதான் எனக்கே உங்க பேரு தெரியும்."

கம்ப்யூட்டரில் நான் இருந்தேன். எந்த வார்டு என்று அந்த ஆள் சொன்னான். நீ நகரவில்லையாம். அங்கேயே நின்று, சாமி முன்னால் போட்டுக்கொள்கிற மாதிரி ரெண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாயாம். போட்டுக்கொண்டே இருந்தாயாம். விமலா அம்மா கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. என்னடி இது என்று கேட்டதற்கு நீ சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார்கள். அவர்கள் சென்னைத் தமிழில் உன் பேச்சு வந்தாலும், என் காதில் உன் குரலில்தான் விழுந்தது.

"எங்க அம்மா சொல்லிருக்கா அக்கா. புருசன் பேர வாயால சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிரும்னு. பதினாறு வருசமா ஒருவாட்டிகூடச் சொன்னதில்ல. இன்னைக்கு அவுக இப்பிடிக் கெடக்கும்போது போயி மூணுவாட்டி சொல்லிட்டேனே."

"அப்ப தினமும் இஸாகி மூட்டோ, இஸாகி மூட்டோன்னு சொல்றியேடி?"

"அது அவுக பேரு இல்லயே. இங்க கவுண்டருக்குக் கவுண்டர் வீட்டுக்காரர் பேரு கேக்கான். எத்தன பேருகிட்ட ஆலமரம், கடலுன்னு சொல்ல முடியும்? அதான் கொஞ்சம் கோணலாக்கிச் சொல்லுதது. கேக்கவும் நல்லா இருக்கு, அவுகளுக்கும் ஒண்ணும் ஆவாது. அவுககிட்டச் சொல்லிராதீங்க அக்கா. இதயெல்லாம் நம்புதியான்னு சிரிப்பாக."

விமலா அம்மா போன பிறகு நான் வெகுநேரம் அதே நாற்காலியில் இருந்தேன். கோமதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறின பிறகு எடுத்துக்கொண்டு போனாள்.

நீ சொல்லியிருக்கலாமே, பேச்சி? அன்றைக்குச் சேலை மடித்துக்கொண்டே நின்றாயே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நான் சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். இல்லை, நான் கத்தின கத்தில் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டதா? அஞ்சு வருஷம் ஜப்பான்காரன், ஜப்பான்காரன் என்று உன்னைக் குத்திக்கொண்டிருந்தேனே. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் நீ மனசுக்குள் என்ன நினைத்தாய்? இந்த மனுஷன் ஆயுசோடு வந்துவிட்டான், அது போதும் என்றா?

உன்னை ஒரேயடியாகச் சாமியாக்கிவிடுவேன் என்று நினைக்காதே. என் பெயரைக் கோணலாக்க ஒரு காரணம் இருந்தது, சரி. பெஷியாமாவுக்கு என்ன காரணம்? வெலட்டாய்க்கு என்ன காரணம்? அதெல்லாம் சுத்தமான பவுசு. அதில் உன்னை நான் விடமாட்டேன். என் பெயரிலும் பாதி பவுசு உண்டு என்று நீயே விமலாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாய், "கேக்கவும் நல்லா இருக்கு" என்று. இருந்துவிட்டுப் போகட்டும். உன் பவுசு எனக்கு இப்போது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் நீ யாரிடம் என்ன வேண்டிக்கொண்டாய்? என் பெயரை மூன்று முறை சொன்னதற்குப் பரிகாரமாக எதைத் தருகிறேன் என்று சொன்னாய்? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, உனக்கே தெரியும். கியர்பாக்ஸ் விழுந்தது பெல்ட் கட்டாததால், நீ போனது இதயத்தால். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இந்த நாட்டில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். என்னைத் தெரிந்த ஒருவர் வாயிலிருந்து என் முழுப்பெயர் சத்தமாக வந்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் எங்க அய்யா பெயரோடு சேர்ந்து வந்திருக்கிறது. அதைச் சொன்னது நீ. நான் அப்போது ஒரு திரைக்குப் பின்னால் நினைவில்லாமல் கிடந்தேன். அதைக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே, பேச்சி.

பல் கதைக்கு வருகிறேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வாயில் பஞ்சை வைத்துக் கவுண்டருக்கு வந்தேன். மேடம் வரவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். கையை மேலே காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கார்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள், முதல் நாள் நீ அவளைப் பத்து முறை சொல்லவைத்துத்தான் விட்டாயாம். அவள் சரியாகச் சொல்லும்வரை நீ நாற்காலியில் உட்காரவே இல்லையாம். "இப்போதும் சரியாகத்தானே சொல்கிறேன், சார்?" என்று கேட்டாள்.

எத்தனையோ வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இல்லையம்மா, என் பெயர் இசக்கிமுத்து என்று சொல்ல வேண்டும் என்று எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பேன். மரத்துப்போன வாயோடு "கரெக்ட்" என்றேன். பஞ்சு கீழே விழுந்தது. அவள் வேறு பஞ்சு எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பெல் அடித்தேன். கோமதி உள்ளேயிருந்து யாரென்று கேட்டாள். "ஜப்பான்காரன் வந்திருக்கான்" என்றேன். வாய் வீங்கியிருந்ததால் சரியாக வரவில்லை, ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. கதவைத் திறந்து, உன்னை மாதிரியே கழுத்தைச் சாய்த்து, "வெல்கம் மிஸ்டர் மூட்டோ. ஐ யாம் கோமட்டீ" என்றாள். நான் வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். பல் வலி என்று நினைத்துக்கொண்டாளாம், பாவம். எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் அழுதாள்.

உனக்கு நான் வாக்குக் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஜாக்கியில் பெல்ட் கட்டாமல் இனி ஒரு நட்டைக்கூடக் கழற்றமாட்டேன். பிரஷர் மாத்திரையை மறக்கமாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானாகவே போய்ப் பல்லைக் காட்டுவேன். நீ பொத்திப் பொத்திக் காத்த ஆயுசு இது, அதை அவசரத்தில் தொலைக்கமாட்டேன். உன் பெயரை நான் சொல்ல எந்தத் தடையும் இல்லை. அதனால் தினமும் டூட்டிக்குக் கிளம்பும் முன்னால் உன் படத்துக்கு எதிரே நின்று பேச்சியம்மாள் என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இனியும் சொல்வேன்.

என் பெயரை இந்த ஊரில் யாருக்கும் இனி திருத்திச் சொல்லமாட்டேன். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியவள் ஒருமுறை சொல்லிவிட்டாள். மற்ற கவுண்டரில் எல்லாம் நீ வைத்த பெயரைக் கூப்பிடட்டும், முதல் கூப்பிடலிலேயே எழுந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், கோமட்டீயின் அப்பா,
இஸாகி மூட்டோ